நல்ல நாள் பார்த்துத் தொட்ட துவக்கு

ஸ்காபரோவில் ஒரு மோலில் பத்துப் பன்னிரண்டு வருசம் செக்யூரிட்டியாக நின்றவள் நான். நின்றவள் என்றால் உண்மையாகவே நின்றவள்தான், கதிரை தரமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பெடியன்களும் பெட்டைகளும் வந்து படிக்கட்டில் குந்தியிருப்பார்கள். எழும்பச் சொன்னால் "ஓகே அன்ரி, சில் அன்ரி" என்பார்கள், எழும்பமாட்டார்கள். தோளில் பட்டி, மார்பில் பட்ச், இடுப்பில் வோக்கிடோக்கி, இவ்வளவும் இருந்தும் நான் அவர்களுக்கு அன்ரிதான்.

அந்த மோலில் இருக்கிற வங்கிக்குக் காசு ஏற்றி இறக்கக் கவச வாகனம் வரும். அதிலிருந்து இறங்குகிற இரண்டு பேரில் ஒருத்தி என் வயதுக்காரி. பிலிப்பீன்ஸ்காரி, என்னைவிடக் கட்டை. இடுப்பில் கைத்துப்பாக்கியோடு அவள் நடந்து வந்தால் அதே பெடியன்கள் தாங்களாகவே எழும்பி வழிவிடுவார்கள். அவள் ஒருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எனக்கு அவளில் பொறாமை. வேறு நல்ல சொல் போட்டு மூடி மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் துணிந்து அவளோடு கதை கொடுத்தேன். கொம்பனி ஆள் எடுக்கிறது என்றாள். பகல் வேலை, யூனியன் இருக்கிறது, வாகனத்துக்குள் இருக்கையும் இருக்கிறது. ஆனால் கைத்துப்பாக்கி வகுப்பெடுத்து லைசன்ஸ் வாங்குவது நம்முடைய பாடு. அந்த லைசன்ஸோடு போனால், வேலை நேரத்தில் இடுப்பில் கொண்டுதிரிகிற அனுமதியைக் கொம்பனி எடுத்துத் தரும். அன்று மிச்ச நேரம் முழுக்க எனக்குக் கால் நோகவில்லை.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீடு. நான், என் புருசன், பல்கலைக்கழகம் போகிற மகள், மூன்று பேர்தான். பின்னேரச் சாப்பாட்டில் விசயத்தை அவிழ்த்தேன்.

"துவக்கோ?" என்றார் புருசன். அவர் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று நன்றாகவே இறங்கியது.

"வேலைக்குத்தான். வீட்டுக்கு வராது. வேலை முடிய அங்கேயே குடுத்திட்டு வாறது."

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

லைசன்ஸ் விண்ணப்பத்தில் கணவனோ மனைவியோ கையெழுத்து வைக்க ஓர் இடம் உண்டு. வைக்காவிட்டால் லைசன்ஸ் இல்லை என்று அர்த்தமில்லை; ஆனால் அவர்களுக்கு அறிவித்து, ஏதும் சொல்ல இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். எனக்கே அன்று காலைதான் தெரிந்த விசயம் இது. இந்த மனுசனுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தால், அவருடைய தொழிற்சாலையில் மான் வேட்டைக்குப் போகிற ஒருவர் இருக்கிறாராம்.

"கேட்டா என்ன சொல்லுவியள்?" என்றேன்.

"உள்ளதைச் சொல்லுவன்."

உள்ளது இதுதான். பத்தொன்பது வயதில், ஊரில் சண்டை நடந்த காலம், ஒரு சந்தியில் ஒருவன் இவரைச் சைக்கிளிலிருந்து இறக்கி முழங்காலில் இருத்தி, முகத்துக்கு நேரே பிஸ்டலைப் பிடித்தான். எந்தப் பக்கத்து ஆள் என்று இவர் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. கன நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "போடா" என்று சொல்லிப் போய்விட்டானாம். கலியாணம் கட்டிய புதிதில் ஒரேயொரு தரம் இதைச் சொன்னார். அந்தப் பிஸ்டலின் ஓட்டை கிணறு மாதிரி இருந்தது, அடி தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகு கேட்டால் எழும்பிப் போய்விடுவார். டிவியில் துவக்கு வந்தால் சனலை மாற்றிவிடுவார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அவருக்கு வீட்டில் நிம்மதி வேண்டும். அவரை மீறிப் போகலாம், சட்டம் விடும். ஆனால் காலையில் நான் வெளிக்கிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற மனுசனைப் பார்த்துவிட்டு எப்படி வேலைக்குப் போவது? ஏலாத கட்டத்தில் ஆட்டுகிற தலையும் எனக்கு வேண்டாம். மனதோடு சம்மதிக்கவேண்டும். அதை எப்படி வாங்குவது என்று தெரியாததால், முதலில் வகுப்பைப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

மகள், "அம்மா, ரிவ்யூஸ் பாத்து எடுங்கோ, ப்ளீஸ்" என்றாள். நான் கலண்டரைப் பார்த்தேன். மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், சேலைக் கடைக்கு மேல்மாடியில், எங்கடை ஆள் ஒருவர் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கார் ஓட்டப் பழக்குவதும் அவர்தான், வரிப் பத்திரம் நிரப்புவதும் அவர்தான். அவருடைய அடுத்த வகுப்பு சனி, ஞாயிறு. அந்த ஞாயிறு விஜயதசமி. ஏடு தொடக்குகிற நாள். நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை. வகுப்பில் எத்தனை பேர், துவக்கைக் கையில் தந்து பழக்குவார்களா, ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக ஒன்று படிக்க விஜயதசமியை விட நல்ல நாள் கிடைக்குமா என்ற ஒரே நினைப்புத்தான்.

"தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. தமிழிலயே சொல்லித்தருவம். சோதினை மட்டும் இங்கிலீசில, அதுக்கு ஒரு வெள்ளைக்காரர் வருவார்" என்றார் அந்த அண்ணை.

சனிக்கிழமை போனால் அறை முட்ட ஆட்கள். கீழே பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. மேசையில் வரிசையாகத் துவக்குகள், ஊசி கழற்றிச் சுடமுடியாமல் செய்தவை. வகுப்பு முழுக்க ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. துவக்கை எடுப்பது, திறப்பது, வெறுமையாக்குவது, பாதுகாப்பாக வைப்பது, இவ்வளவுதான் பாடம்.

எனக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் வேலை. குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டில் சேரப் போகிறாராம். துள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் நிஜத் துப்பாக்கிய இன்னிக்குத்தான் பக்கத்துல பார்க்கறேன். நீங்க பார்த்திருக்கீங்களா?"

அறையில் இருந்த மற்ற எல்லோரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். எல்லோருக்கும் காது கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை.

"பாத்திருக்கிறன் தம்பி" என்றேன். அவர் சந்தோசமாக, "சூப்பர்க்கா" என்றார். அந்தப் பிள்ளையில் பிழையில்லை.

அண்ணை பாடத்தைத் தொடங்கவில்லை. அன்று ஆயுத பூசை நாளாம். மேசையின் ஒரு மூலையில் சரஸ்வதி படம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, புத்தகங்களுக்கும் பேனைகளுக்கும் சந்தனம் வைத்தார். கையில் சந்தனம் மிஞ்சியிருந்தது. துவக்குகளுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். ஆயுதம் என்றால் ஆயுதம்தானே. பிறகு எல்லோருக்கும் கடலை கொடுத்தார். கடலை அருமையான கடலை; பாடம் அவ்வளவு இல்லை. சோதனையில் வருகிற கேள்விகளையும் விடைகளையும் பாடமாக்க வைத்தார்; துவக்கு என் கைக்கு வந்தபோது மத்தியானம் கடந்துவிட்டது. ஆளுக்கொரு தரம் தொட்டுப்பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தோம்.

ஞாயிறு சோதனை. பூட்டி வைத்த துவக்குகள் பொட்டோடேயே பெட்டியிலிருந்து வெளியே வந்தன. சோதனைக்கு வந்த வெள்ளைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, இது என்ன மஞ்சள் என்று கேட்டார். "பூசை" என்றார் அண்ணை. வெள்ளைக்காரர் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மணந்துபார்த்தார்.

எழுத்துச் சோதனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. மேசையில் கைத்துப்பாக்கி, அதன் பக்கவாட்டில் காய்ந்த சந்தனப் பொட்டு. எடு என்றார். விஜயதசமி காலை, பூசையில் வைத்த பொருள், முதல்தரம் நானாகக் கையில் எடுக்கிறேன். இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடி, இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அந்த வெள்ளைக்காரர் மேசைக்குக் கீழே பாதியாகக் குனிந்திருந்தார். துவக்கின் வாய் முதலில் அவருடைய வயிற்றைக் கடந்து, பிறகு என் காதடிக்கு வந்து நின்றதாம். வெறுமையா என்று பார்க்கமுதல் யாருக்கு நேராகவும் வாயைத் திருப்பக்கூடாது என்பதுதான் முதல் நாள் முதல் பாடம். அதைப் பாடமாக்கியும் இருந்தேன். சோதனை அத்தோடு முடிந்தது. வகுப்பில் தவறியது நான் ஒருத்திதான். அந்தத் தமிழ்நாட்டுத் தம்பிகூடப் பாஸ்.

அண்ணை படிக்கட்டு வரை வந்தார். "தங்கச்சி, உதை ஆர் உங்களைக் கும்பிடச் சொன்னது?"

"நீங்கள்தானே அண்ணை சந்தனம் வைச்சனீங்கள்!"

அவர் உள்ளே போய் வந்தார். மிஞ்சின கடலையை ஒரு பையில் போட்டுத் தந்தார். வெட்கத்தில் அதை மறுக்கவும் தோன்றாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எப்படியும் சொல்லத்தானே வேண்டும். குசினியில் நின்றபடி புருசனுக்குச் சொன்னேன்.

"துவக்கைக் கண்ணில ஒத்தினனீரோ?"

"ஓம்."

சிரிக்கத் தொடங்கினார். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துவக்குப் பேச்சு எடுத்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் திடீரென்று நிறுத்தினார்.

"அப்ப வாய் எந்தப் பக்கம் நிண்டது?"

காதடியைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு கடலையைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகமுதல் வாசலில் நின்று சொன்னார். "திரும்பவும் போவீர்தானே. எனக்குத் தெரியும். போறதெண்டா ஒழுங்கான இடமாப் பாரும். நானும் வாறன்."

"நீங்கள் என்னத்துக்கு?"

"உமக்குத்தான் ஒண்டும் கையில நிக்கிறேல்லையே."

இந்த முறை மகள்தான் தேடினாள். சிறிய வகுப்பு, ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பழகவேண்டும், படிப்பிப்பது ஒரு பெண். நகரத்துக்கு வெளியே, வடக்கே, காரில் போகவேண்டும். பிந்திப் போனால் கொம்பனி எடுக்கிற ஆட்களை எடுத்துவிடும். கிட்டடியில் இடம் இருந்தது ஒரேயொரு வார விடுமுறைக்குத்தான். புருசன் கலண்டரைப் போய்ப் பார்த்தார். நல்ல நாளில் நம்பிக்கை இல்லாத மனுசன், அன்று மட்டும் பார்த்தார்.

"அட்டமி" என்றார்.

"விஜயதசமியில போய்க் கண்டது காணும். அட்டமியில போவம்" என்றேன்.

வகுப்புக்குச் சும்மா வந்து பார்க்க விடமாட்டார்கள், பதிந்த ஆட்கள் மட்டும்தான் என்று மகள் சொன்னாள். அத்தோடு அவர் பின்வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்து யோசித்தார். "அப்ப என்ரை பேரையும் போடு" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பிக் கோப்பை கழுவப் போனேன். பேசினால் மாறிவிடுவாரோ என்று பயம்.

படிப்பித்தவர் நரைத்த தலைமயிர் கட்டையாக வெட்டின, பெரிய குரல்காரி. யாரையும் அவசரப்படுத்தவில்லை, யாருக்கும் இரக்கப்படவும் இல்லை. முதல் நாள் நீளத் துவக்குகள். என் புருசன் பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய முறை வந்தபோது எடுத்தார்; சொன்னபடி செய்தார்; வைத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் கைத்துப்பாக்கி. சோடி சோடியாகப் பிரித்து, ஒருவர் செய்ய மற்றவர் பிழை பார்க்கவேண்டும் என்றார் அந்த மனுசி. நானும் அவரும் ஒரு மேசை. மேசையில் ஒரு ரிவோல்வர். இந்த முறை கையைச் சேலையில் துடைப்பதுபோல் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு கையால், வாயைச் சுவர்ப் பக்கம் வைத்து எடுத்தேன். கண்ணில் ஒற்றவில்லை. அவர் என் கையை விட்டு வேறு எங்கும் பார்க்கவில்லை.

பிறகு அவருடைய முறை.

எடுத்தார். வாய் சுவருக்கு நேரே. விரல் விசைக்கு வெளியே. குண்டு இருக்கிற உருளையைப் பக்கத்துக்குத் தள்ளித் திறந்தார். ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் தொட்டார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. இனி ஒரேயொரு வேலை மிச்சம்: குழல் அடைபட்டிருக்கிறதா என்று உள்ளே பார்ப்பது. ரிவோல்வரில் அதைப் பின்பக்கத்தால் பார்க்கமுடியாது. முழுக்க வெறுமை, திறந்துதான் இருக்கிறது என்று நிச்சயப்படுத்திய பிறகு, அந்த ஒரு தருணத்தில் மட்டும், வாயைத் தன் பக்கம் திருப்பி முன்னாலிருந்து பார்க்கவேண்டும்.

அவர் திருப்பவில்லை. அந்த மனுசி மற்ற மேசையிலிருந்து எங்களைப் பார்த்தார், வரவில்லை.

"வேண்டாமெண்டா விடுங்கோ" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நேரம் எனக்கு வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது. இந்த மனுசனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தேனே.

"வெறுமைதானே?" என்று கேட்டார்.

"வெறுமை. நான் பாத்தனான்."

"திரும்பவும் பாரும்."

பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டையாக விரலை வைத்துக் காட்டினேன். குழலின் பின்பக்கம் பெருவிரல் நகத்தைப் பிடித்தால் வெளிச்சம் பட்டு உள்ளே தெரியும் என்று அந்த மனுசி சொல்லித் தந்திருந்தார். என் நகத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கையைத் திருப்பினார். முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடினார்.

கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசை ஆட்கள் முடித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

"உம்மடை நகம் தெரியுது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"இதுக்குள்ள வெளிச்சம் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மெல்ல மேசையில் வைத்தார்.

இரண்டு பேரும் பாஸ். புள்ளி அவருக்குத்தான் கூட, அதை அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். திரும்பி வரும் வழியில் ஒரு கோப்பிக் கடை முன்னால் காரை நிறுத்தினார். கையெழுத்துப் பேச்சை நான் எடுக்கவில்லை. கோப்பியோடு வந்து கதவைத் திறந்துகொண்டே, "அந்தப் பேப்பரை வீட்டை போனதும் எடும்" என்றார். போனதும் எடுத்தேன். வாசித்துப் பார்த்துத்தான் வைத்தார். தனக்கு லைசன்ஸ் எடுக்கவில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை. சான்றிதழை மட்டும் பாஸ்போட்டுகளோடு வைத்திருக்கிறார்.

வேலை கிடைத்துக் குளிர்காலம் இரண்டு போய்விட்டது. நான் நின்ற அதே மோலுக்கும் சில நாட்கள் போவேன். முதல் நாள் படிக்கட்டில் இருந்த ஒரு பெட்டை என்னைக் கண்டுபிடித்து, "ஓ மை கோட், அன்ரி!" என்று கத்தினாள். ஆனால் எழும்பி வழிவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாகனத்துக்குள் ஏறின பிறகு சிரித்தேன்.

வேலை முடிந்து துவக்கை ஒப்படைக்கும்போது வெறுமையாக்கித் திறந்து காட்டினால் போதும். குழலுக்குள் பார்க்கச் சொல்லி அங்கே ஒருவரும் கேட்பதில்லை. நான் வெறுமை என்று இரண்டு தரம் பார்த்து, திறந்த பக்கத்தில் நகத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்ப்பேன். என்னோடு வேலைசெய்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அவர்கள் வீட்டுக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் வேறு கேள்விகள் கேட்பார்களாக்கும்.

பின்னேரம் நான் வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், குசினிக்குள் இருந்து அவருடைய குரல் வரும்.

"பாத்தீரோ?"

"பாத்தன்."

"வெளிச்சம் தெரிஞ்சுதோ?"

"ஓம், தெரிஞ்சுது."

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பார்.